ஏழாம் தொகுதியின் அரைச்சுவர்

ஏழாம் தொகுதியின் கக்கூஸ் சுவர் முதன்முதலாக எழுந்து நின்றது தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், ஐந்து மணிச் சாப்பாடு முடிந்து, ஆறு மணிக்கு இரும்புக்கதவு பூட்டப்பட்டு, கம்பிகளின் வழியே நுழைந்த கடைசி வெயில் இன்னும் தரையில் கோடுகோடாகக் கிடந்த நேரத்தில். பதினோரு நாளாக வயிறு இளகாமல் கிடந்த கனி பாய்க்காக அது எழுந்தது.

அதற்கு முன்பு அந்தச் சுவர் எப்படி இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஏழாம் தொகுதி ஒரு காலத்தில் அந்தச் சிறையின் தறிக்கூடமாக இருந்த நீண்ட அறை. தறிகள் போனபின் அறுபத்தைந்து வயது தாண்டிய கைதிகளை அங்கே வைத்தார்கள், பதினான்கு பேர், மாலை ஆறிலிருந்து காலை ஆறுவரை பூட்டிய கதவுக்குள், பதினான்கு பேருக்கும் மூலையில் ஒரே ஒரு கக்கூஸ். அதற்குக் கதவு கிடையாது. முன்பக்கம் இரண்டரை அடிக்கு ஒரு செங்கல் சுவர், பக்கவாட்டில் திறப்பு, அவ்வளவுதான். பூட்டிய அறைக்குள் எந்தக் கைதியின் தலையும் எந்த நேரமும் காவலர் கண்ணில் பட வேண்டும் என்பது விதி. முழங்கால் மடங்காத கிழவர்களுக்காக யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் உட்காரும் மேடையை உயர்த்திக் கட்டிக் கொடுத்திருந்தார். அதனால் தலை மட்டுமல்ல, தோளும் நெஞ்சும் வயிற்றின் மேல்பாதியும் எல்லாருக்கும் தெரிந்தன.

எந்த அவமானத்தோடும் குடித்தனம் நடத்த மனிதன் ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொள்வான். ஏழாம் தொகுதியில் ஒருவர் அந்த மூலைக்குப் போனால் மற்ற பதின்மூன்று பேரும் கிழக்குச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிட வேண்டும். திரும்பியதும் சூசைமாணிக்கம் உரத்த குரலில் மீன்களின் பெயர்களைச் சொல்ல ஆரம்பிப்பார். நாற்பது வருசம் கடலில் கிடந்தவர் அவர். வஞ்சிரம், பாறை, விளமீன், ஊளி, சங்கரா, கிழங்கான், திருக்கை, வவ்வால், சாளை, காரல் என்று அலைமேல் அலையாக அவர் சொல்லிக்கொண்டே போக, காதில் விழக் கூடாத சத்தங்கள் எல்லாம் அந்த மீன்களுக்கு அடியில் அமுங்கிப் போகும். நாளடைவில் நேரத்தையே மீனால் அளக்க ஆரம்பித்தார்கள். இன்னார் இருபது மீன் ஆள், இன்னார் நாற்பது மீன் ஆள், கனி பாய் உட்கார்ந்தால் கடலே வற்றிவிடும் என்றார்கள். இன்னொரு வழக்கமும் இருந்தது, அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை: அந்த மூலையில் நடப்பது எதுவும் கம்பியைத் தாண்டக் கூடாது.

ஆனாலும் வெட்கம் வெட்கம்தான். உட்காரப் பயந்து சாப்பாட்டைக் குறைத்தார்கள், இரவில் எழப் பயந்து மதியம் மூன்று மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள், அடக்கி அடக்கி வயிறு கல்லாகிப் போனபின் சிறை மருந்தகத்தின் ரோஸ் நிறப் பேதி மருந்துக்கு வரிசையில் நின்றார்கள், மருந்து வேலை செய்துவிடுமோ என்று பயந்து அதையும் பாதி குடித்துப் பாதியைச் செடிக்கு ஊற்றினார்கள். மானாவாரிக்காரர்கள் மழையைப் பற்றிப் பேசுவதுபோல அவர்கள் காலையில் எழுந்ததும் வயிற்றைப் பற்றிப் பேசினார்கள். வந்ததா, வரும்போல இருக்கிறதா, இடித்தது, ஆனால் பெய்யவில்லை.

இப்படி இருந்த இடத்தில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை கனி பாய் எழுந்து மூலைக்குப் போனார், எல்லாரும் கிழக்கே திரும்பினார்கள், சூசைமாணிக்கம் வஞ்சிரத்தில் ஆரம்பித்தார். ஊளியைத் தாண்டும்போது அவர்களுக்குப் பின்னால், ஈரமான சாக்கை மெதுவாக இழுப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. வழக்கத்தை மீறித் திரும்பிப் பார்த்த முதல் ஆள் செங்கோடன். அவர் கொத்தனார், சுவரிலிருந்து வரும் சத்தத்துக்குத் திரும்பாமல் இருக்க அவரால் முடியாது. இரண்டரை அடிச் சுவர் ஆள் உயரத்துக்கு எழுந்து, திறந்திருந்த பக்கமாகவும் வளைந்து மூடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து கனி பாய், இருபது வருசத்துக்குப் பிறகு தனியாக இருக்கும் ஒரு மனிதன் விடும் பெருமூச்சை விட்டார். அவர் கழுவி எழுந்ததும் சுவர் வந்த வழியே இறங்கிப் பழையபடி இரண்டரை அடியில் நின்றது.

“போயிருச்சா பாய்?” என்று சூசைமாணிக்கம் கேட்டார். போய்விட்டது என்று கனி பாய் தலையாட்டினார். அன்று எல்லாரும் பேசியது அதைப் பற்றித்தான், சுவரைப் பற்றி இரண்டாவதாகத்தான் பேசினார்கள்.

ஒரு வாரத்துக்குள் சுவர் பதினான்கு பேருக்கும் எழுந்தது. நிஜமாகவே தேவைப்பட்டு உட்கார்ந்தவருக்கு மட்டும் எழுந்தது, வேடிக்கைக்காக உட்கார்ந்தவருக்கு அசையவில்லை. எண்பது வயது ஆளுக்கு நிதானமாகவும், அவசரத்தில் ஓடியவருக்குச் சட்டென்றும் எழுந்தது. வார்டர் ரத்தினவேல் அதைக் கம்பி வழியாகப் பார்த்தார், கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார், விதிப்படி கண்காணிப்பாளருக்கு எழுதினார். கண்காணிப்பாளர் வந்தார், கட்டட வேலை பார்க்கும் பொறியாளரும் டேப்போடு வந்தார். டேப்பை வைத்து அளந்தால் சுவர் இரண்டரை அடி. பொறியாளரை உட்காரச் சொன்னார்கள், அவர் பேன்ட்டோடு உட்கார்ந்தார், சுவர் அவரை மதிக்கவில்லை. கனி பாயைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அவருக்குப் பாவம் அதிகாரிகள் முன்னால் பயத்திலேயே வயிறு கலங்கிவிட, சுவர் எழுந்து மூடிக்கொண்டது, அந்த நேரம் யாருக்கும் எழுந்துபோய் டேப்பை வைக்கக் கை வரவில்லை. கண்காணிப்பாளர் வெகுநேரம் யோசித்துவிட்டு, அளந்தபோது சுவர் விதிப்படி இரண்டரை அடிதான் இருந்தது, எனவே குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அதன்பின் சுவர் சிறையோடு ஒன்றாகிவிட்டது. மற்ற தொகுதிகளிலிருந்து இளவட்டங்கள் வயிற்றுவலி என்று சொல்லி ஏழாம் தொகுதிக்கு மாற்றல் கேட்டார்கள். பன்னிரண்டு மணிநேரம் நின்ற இடத்திலேயே அடக்கிக்கொண்டு நிற்கும் வார்டர்களில் ஒருவர் இருவர், பகலில் கிழவர்கள் தோட்ட வேலைக்குப் போனபின் சத்தமில்லாமல் வந்து போனார்கள், அவர்களுக்கும் அது எழுந்தது, சுவர் சீருடை பார்க்கவில்லை. கிழவர்கள் மாலையிலும் தண்ணீர் குடித்தார்கள், ஞாயிற்றுக்கிழமை வாழைப்பழத்தைப் பயப்படாமல் தின்றார்கள், ரோஸ் நிற மருந்து பாட்டில்கள் அப்படியே தேங்கின. சிறை டாக்டர் எழில்மதி ஏழாம் தொகுதிக்கு என்ன ஆயிற்று என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்து, அவர்கள் சொன்னதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, தண்ணீர் குடிப்பதை விடாதீர்கள் என்று மட்டும் சொன்னார். கிழக்கே திரும்புவதும் மீன் சொல்வதும் தேவையில்லாமல் போயின. வேலை போன சூசைமாணிக்கத்துக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

செங்கோடனுக்கு அது சுவர் என்பதே போதாது, எப்படிச் சுவர் என்று தெரிய வேண்டியிருந்தது. துண்டிலிருந்து நூல் உருவி, நுனியில் சோப்புத் துண்டைக் கட்டி, அதையே தூக்குக்குண்டாக வைத்துப் பார்த்தார்: எழுந்த சுவரில் நூலளவு சாய்வில்லை. வரிசைகளை எண்ணினார்: இறங்கியிருக்கும்போது பத்து வரிசைச் செங்கல், எழுந்தால் இருபத்தொன்று, புதுக் கலவையின் வாசனை எங்கும் இல்லை. இறங்கியபின் மேல் வரிசையைத் தொட்டால் அடைகாத்த முட்டைபோல இளஞ்சூடு. அந்தப் பதினொரு வரிசைக் கல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? யோசித்து யோசித்து ஒருநாள் ரத்தினவேலிடம், சுவர் எழும் நேரத்தில் காவல் கோபுரத்தில் நின்று சிறையின் வெளிமதிலைப் பார்க்கச் சொன்னார். ரத்தினவேல் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒரு சாண் குறைந்ததுபோலத் தெரிந்தது, கண் மயக்கமாகவும் இருக்கலாம், “பெருசு, இது நமக்குள்ளேயே இருக்கட்டும்” என்றார். செங்கோடன் சிரித்தார். அவர் வாழ்க்கையில் ஒரு சுவர் ஏற்கெனவே போதும் என்கிற அளவுக்கு வேலை செய்திருந்தது; ஊரில் பங்காளியின் நிலத்துக்கும் தன் நிலத்துக்கும் நடுவே ஓர் அடி தள்ளி அவர் எழுப்பிய சுவர்தான் சண்டையாகி, கடப்பாரையாகி, ஒரு உயிராகி, இருபத்திரண்டு வருசமாகி நின்றது.

ஆனால் செங்கோடன் அந்தச் சுவரை விரும்பியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவர் நூலாலும் சோப்பாலும் யாருக்கும் காட்டவில்லை. ஐப்பசியிலிருந்தே அவருக்கு மலத்தோடு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. முதலில் மூலம் என்று நினைத்தார், பிறகு நினைப்பதை நிறுத்தினார். வயிறு காலியான பிறகும் காலியாகாததுபோல இருந்தது, சாந்து பூசும் கரணை பிடித்த கை மெலிந்து வளையம் போட்டால் கழன்றுவிடும்போல ஆயிற்று. அரைச்சுவர் காலத்தில் துணியை அலசக்கூடப் பயமாக இருந்தது. சுவர் எழ ஆரம்பித்தபின் அதற்குள் உட்கார்ந்து நிதானமாக அலசிப் பிழிந்து, ஒன்றும் நடக்காதவர்போல வெளியே வந்தார்.

சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் பாவாயி. வருசத்தில் இரண்டு முறை, வீடு விட்டு மூன்று பஸ் மாறி, கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கும் அவர் மனைவி, கார்த்திகையில் மனுப் போட்டு அவரைப் பார்க்க வந்தபோது, “என்ற முட்டி இனி ஒத்துக்காதுங்க. அடுத்தவாட்டி நீங்கதான் வரோணும்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவர் வருவதற்கு ஒரே வழி முன்விடுதலைக் குழு. அது பங்குனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் கூடுவதாக இருந்தது, அவர் பெயர் பட்டியலில் இருந்தது. அன்று நேரில் நிற்காதவரின் தாள் அடுத்த கூட்டத்துக்குப் போய்விடும், அடுத்த கூட்டம் ஆறு மாதம் கழித்து. ரத்தம் என்று சொன்னால் வெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், போனவர்கள் சீக்கிரம் திரும்பியதில்லை. டாக்டர் எழில்மதி மாதாமாதம் கிழவர்களை எடைபோடுவார், எடை சட்டென்று குறைந்தவரை உடனே வெளியே அனுப்புவார். செங்கோடன் தோட்டப் பாத்தி ஓரத்தில் கிடந்த செங்கல் துண்டுகளைப் பொறுக்கி, எந்தக் கல் எத்தனை இருக்கும் என்று கொத்தனார் கையால் நிறுத்து, இடுப்புத் துணிக்குள் வரிந்து கட்டிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறினார். மார்கழியில் ஒரு துண்டு, தையில் இரண்டு, மாசியில் மூன்று. டாக்டர் எழுதிக்கொண்ட எடை ஐப்பசியிலிருந்து ஒரு கிராம் மாறவில்லை. எழுபத்தொரு வயதில் ஒரு கிராம் மாறாத உடம்பைக் கண்டு அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும், ஆனால் வரிசையில் இன்னும் பதின்மூன்று பேர் இருந்தார்கள்.

குழு கூடுவதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை, பட்டியலில் உள்ளவர்களுக்குக் கடைசி மருத்துவச் சோதனை. செங்கோடன் நான்கு துண்டுகளோடு ஏறி நின்று தேறினார். பகல் முழுக்கக் கல்லைக் கழற்ற ஒதுக்கிடம் கிடைக்கவில்லை. மாலை, கதவு பூட்டியதும், வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே, வயிறு முறுக்கிக்கொண்டு வர மூலைக்குப் போய் உட்கார்ந்தார்.

சுவர் எழவில்லை.

அவர் காத்திருந்தார். கையால் மேல் வரிசையைத் தொட்டார், கல் கல்லாகவே குளிர்ந்திருந்தது. இரண்டு முறை தட்டினார், வேலையாளை எழுப்புவதுபோல. அறையில் பதின்மூன்று பேரும் பாய் விரிப்பதும் பல் தேய்ப்பதுமாக இருந்தார்கள். இரண்டு மாதமாக யாரும் கிழக்கே திரும்பியதில்லை, திரும்ப வேண்டும் என்கிற நினைப்பே போய்விட்டிருந்தது, அதனால் எல்லாருமே அவரைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டோம் என்று உறைத்ததும் பதின்மூன்று பேரும் அவசரமாகத் திரும்பினார்கள். சூசைமாணிக்கம், துருப்பிடித்த தொண்டையைச் செருமிக்கொண்டு, வஞ்சிரம், பாறை, விளமீன் என்று ஆரம்பித்தார். ஊளி, சங்கரா, கிழங்கான். திருக்கைக்கு வந்தபோது பின்னால் செங்கல் துண்டு ஒன்று தரையில் விழுந்தது. வவ்வாலுக்கு இன்னொன்று. சாளை என்று ஆரம்பித்த சூசைமாணிக்கம் அதை முடிக்கவில்லை, எழுந்து திரும்பினார்.

செங்கோடன் ஒரு கையால் அரைச்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். காலடியில் நான்கு கல். வெள்ளை வேட்டியில் முழங்கால்வரை சிவப்பு.

“என்னவே இது, கொத்தனாரே?” சூசைமாணிக்கத்தின் குரல் இறங்கியிருந்தது. “எத்தன நாளா?”

“நாளானக்கி வியாளக்கெளமை, சூசை” என்றார் செங்கோடன். “அதுவரைக்கும் சும்மா இரு.”

ஐப்பசியிலிருந்து என்று அவர் ஒப்புக்கொண்டபின் அறையில் நடந்த பேச்சு நீளமானது. கனி பாய் தண்ணீர் கொண்டுவந்து அவரைக் கழுவிவிட்டார். பாயே அழுதுகொண்டு, இரண்டு நாள்தானே, நாம் யாரும் பார்க்கவில்லை என்று இருந்துவிடலாம் என்றார். மூலையில் நடப்பது கம்பியைத் தாண்டக் கூடாது என்று மற்றவர்களும் முணுமுணுத்தார்கள். வீட்டுக்குப் போவது என்றால் என்ன என்று அந்தப் பதினான்கு பேரில் தெரியாதவர் யாரும் இல்லை. ஒருவன் போவதைத் தடுத்த கை என்று பெயர் எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. சுவர் ஏன் எழவில்லை என்றும் கேட்டுக்கொண்டார்கள். அதற்கு அலுத்துவிட்டது என்றார் ஒருவர். கல்லைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எந்தச் சுவருக்கும் குழப்பமாகத்தான் இருக்கும் என்றார் இன்னொருவர்.

சூசைமாணிக்கம் மட்டும் குனிந்து அந்த நான்கு துண்டுகளையும் பொறுக்கிக் கையில் வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தார். “மூணு கிலோ இருக்கும்லா” என்றார். “இல்ல, நாலு. எங்ககிட்டருந்து நாலு கிலோ ஆள மறச்சிட்டியேவே.”

“அவ வரச் சொல்லியிருக்கா, சூசை. என்ற காலு ஒத்துக்காது, நீங்க வாங்கன்னா.”

“வரச் சொன்னா. செத்து வரச் சொன்னாளா?”

சூசைமாணிக்கம் தன் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு கம்பியருகே போனார். செங்கோடன் பின்னாலிருந்து, தட்டாதே, உன் காலைப் பிடிக்கிறேன், எனக்கு இந்த ஒரு வியாழக்கிழமை போதும் என்று சொன்னதை அவர் முழுக்கக் கேட்டார், கேட்டு முடித்துவிட்டுத்தான் தட்டினார். அந்தத் தட்டுச் சத்தம் ஏழாம் தொகுதியின் வழக்கத்தை உடைத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டிப் போயிற்று. ஓடிவந்த ரத்தினவேலிடம் சூசைமாணிக்கம் மூலையைக் காட்டி, “ரத்தம் போகுது சார். ஐப்பசிலேருந்து போகுது” என்றார். சொல்லிவிட்டுக் கிழக்கே திரும்பி உட்கார்ந்துகொண்டார். ஸ்ட்ரெச்சர் வந்து, போகும்வரை திரும்பவில்லை. செங்கோடனும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனார்.

மறுநாள் காலை கனி பாய்க்குச் சுவர் வழக்கம்போல எழுந்தது. எல்லாரும் ஆறுதல் அடைந்தார்கள், கொஞ்சம் கோபமும் பட்டார்கள்.

வெளி ஆஸ்பத்திரியில் செங்கோடனின் பெருங்குடலில் ஒரு கட்டி இருந்தது. வியாழக்கிழமை, குழு கூடிப் பெயர்களை வாசித்து, அவர் பெயரில் ஆள் இல்லை என்று தாளைக் கீழே வைத்த அதே முற்பகலில், அவர் வயிற்றுக்குள் ஒரு டியூப் கேமராவோடு போய்க்கொண்டிருந்தது. அடுத்த வாரம் ஒரு சாண் குடலை வெட்டி எடுத்தார்கள். மற்ற இடத்துக்குப் பரவவில்லை, ஆனால் குடல் அடைத்துக்கொள்ள இன்னும் ஒரு வாரம் பத்து நாள்தான் இருந்தது என்று அறுவை சிகிச்சை செய்த டாக்டர் சொன்னார். செங்கோடன் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். வியாழக்கிழமை குழு ஒப்புக்கொண்டிருந்தாலும் உத்தரவு வந்து கதவு திறக்க ஒரு மாதமாவது ஆகியிருக்கும். கொத்தனாருக்கு இந்த அளவு பிடிபட்டது, பிடித்தது என்று சொல்ல முடியாது.

காவலுக்கு வந்த ரத்தினவேல் ஊருக்குப் போன் செய்து பாவாயிக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தார், கல் கட்டியது உட்பட.

“என்ன சொன்னா?” என்றார் செங்கோடன்.

“‘ஆறு மாசம்தானுங்களே, இருந்துட்டு வரட்டும். வரும்போது கல்லு கட்டிக்கிட்டு வர வேண்டாம், அவிங்க எடை எனக்குத் தெரியும்’னாங்க.”

செங்கோடன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, நான்கைந்து நாள் கழித்து, வெட்டி ஒட்டிய குடல் வேலை செய்கிறதா என்று டாக்டர்கள் தினமும் வந்து கேட்டுப் போகும் காலத்தில், ஒரு முற்பகல் வயிற்றுக்குள் ஏதோ நகர்ந்தது. ஐந்து மாதத்தில் முதல்முறையாக, இதமாக. ஒரு கால் கட்டிலோடு சங்கிலியில் இருந்தது. கைதிகள் வார்டில் திரை கிடையாது, எட்டுக் கட்டில், எட்டுப் பேர், எட்டு வார்டர்கள். ரத்தினவேல் பாத்திரத்தை எடுத்துக் கொடுத்தார். செங்கோடன் அதை வைத்துக்கொண்டு, தன்னைச் சுற்றி நாலு பக்கமும் பார்த்தார். சுவரில்லாத இடத்தைக் கொத்தனார்கள் பார்க்கிற பார்வை அது.

காவல் கைதியிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்பது விதி. ரத்தினவேல் அதைத் தெரிந்தவர். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, கட்டிலுக்கும் வார்டுக்கும் நடுவே முதுகைக் காட்டி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வஞ்சிரம்” என்றார் சத்தமாக. மற்ற கட்டில்கள் திரும்பிப் பார்த்தன. “பாறை. விளமீன். ஊளி. சங்கரா.” நின்றார். ஏழாம் தொகுதியின் கம்பிக்கு வெளியே ஆறு வருசம் கேட்டது, இருந்தாலும் அவர் கடல் பார்க்காத ஊர்க்காரர். “கெண்டை” என்றார்.

“கிழங்கான்” என்றார் பின்னாலிருந்து செங்கோடன்.

“கிழங்கான்” என்று திருத்திக்கொண்டு ரத்தினவேல் தொடர்ந்தார். “திருக்கை. வவ்வால். சாளை.”